கேரம் போர்டு முன்னாடி உக்காந்தா குணம் தெரிஞ்சிடுமா?

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியக்காலை நாலு மணி. ஐஸ் உடைக்கிற சத்தம்.]

"ஆயிரத்து எட்நூறு... ஆயிரத்து ஒம்போது நூறு... இன்னாபா பாத்துனே நிக்கிற, கேளு!"

சங்கரா கூடை முன்னாடி நின்னு ஏலம் விடுறாரே, அந்த அண்ணன்தான் இன்னைக்கு நம்ம ஆளு. அவ்ளோ கூட்டத்துலயும் அவர் தொண்டை தனியாக் கேக்கும்.

[காட்சி: தண்டையார்பேட்டை. சந்துக்குள்ள ஒரு கேரம் கிளப். டியூப்லைட், போர்டு மேல பவுடர்.]

அதே அண்ணன், அதே நாள் சாயங்காலம். ரெண்டு மணி நேரம் ஆடினாரு. வாயிலேர்ந்து வந்தது மொத்தமே நாலு வார்த்தை. அதுல ஒண்ணு "டீ".

இதுல எது அவரோட நெஜமான குணம்? இதுக்கு உளவியல்காரங்க நூறு வருஷத்துக்கு மேல ஆளுக்கொரு பதில் சொல்லிட்டிருக்காங்க.

ரொம்பப் பழைய பதில், உடம்புல ஓடுறதுதான் குணம்ங்கிறது. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்னு கிரேக்க மருத்துவம் நாலாப் பிரிச்சுது. எங்க ஆயாகூட, யாராவது கத்தினா "பித்தம் தலைக்கேறிடுச்சு"ம்பாங்க. சரி, அப்பால போவோம்.

[காட்சி: ஸ்ட்ரைக்கர் க்ளோசப். குழி ஓரத்துல ரெட்.]

சிக்மண்ட் ஃபிராய்ட், வியன்னாவுல மனநோய் பாத்த டாக்டர். 1923-ல மனசை மூணாப் பிரிச்சாரு: இட், ஈகோ, சூப்பர் ஈகோ. இப்போ குழி ஓரத்துல ரெட்டு நிக்குது. "இப்பவே போடு"ன்னு குதிக்குது பாருங்க, அது இட். "கோட்டைத் தாண்டி அடிக்காத, ஃபவுலு"ன்னு அதட்டுறது சூப்பர் ஈகோ. "போட்டா ஃபாலோ போட காய் எங்க இருக்கு?"ன்னு கணக்குப் போடுறது ஈகோ. நாம "அவனுக்கு ஈகோ ஜாஸ்தி"ன்னு திமிரைச் சொல்றோமே, அது வேற. ஃபிராய்டோட ஈகோ, ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்ட நாட்டாமை. கேக்க நல்லா இருக்கு. ஆனா இதைச் சோதிச்சுப் பாக்க வழியே இல்லைங்கிறதுதான் அவர் மேல இருக்கிற பெரிய புகார்.

இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட்ங்கிற பிரிவை 1921-ல புத்தகமாப் போட்டுப் பரப்பினவர் கார்ல் யுங். அதை எடுத்து அமெரிக்காவுல ஒரு அம்மாவும் பொண்ணும், கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ், ஆளுங்களை 16 வகையாப் பிரிக்கிற டெஸ்ட் ஒண்ணு செஞ்சாங்க. ஆபீஸ்ல ஹெச்.ஆர். கொடுக்குற எம்.பி.டி.ஐ. அதுதான். ரெண்டு பேருமே முறையா உளவியல் படிச்சவங்க இல்ல. சில வாரம் கழிச்சு மறுபடி எழுதினா நிறைய பேருக்கு வேற வகை வந்துடுது. பொழுதுபோக்குக்கு ஓகே. அதை வச்சு ஆள் எடுக்குறது ஜாதகம் பாத்து ஆள் எடுக்குற கதைதான்.

[காட்சி: திரையில ஒவ்வொரு வார்த்தையா: சிடுமூஞ்சி, வாயாடி, அமுக்குணி, அழுத்தக்காரன், முசுடு.]

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். 1936-ல கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியைத் துழாவி, மனுஷனை விவரிக்கிற வார்த்தையா கிட்டத்தட்ட 18,000 எடுத்தாங்க. நிலையான குணத்தைச் சொல்றது மட்டும் சுமார் 4,500. ஒரு குணம் முக்கியம்னா ஜனங்க அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாங்க, இதுதான் கணக்கு. பின்னால வந்தவங்க அதைச் சலிச்சுச் சலிச்சு, ரேமண்ட் கேட்டல் 16 ஆக்கி, கடைசில அஞ்சுல வந்து நின்னுது. பிக் ஃபைவ்: புதுசைத் தேடுற ஆசை, பொறுப்பு, கலகலப்பு, அனுசரணை, பதற்றம். இருக்கா இல்லையான்னு கேள்வியே இல்ல, எவ்வளவு இருக்குங்கிறதுதான். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி அஞ்சு குமிழ். இன்னைக்கு ஆராய்ச்சில அதிகமாப் புழங்குறது இதுதான்.

ஆனா வார்த்தை ஆங்கில வார்த்தை. நம்ம "அமுக்குணி"யை எடுத்துக்கோங்க. பேச மாட்டான், ஆனா கூச்சம் இல்ல. உள்ள ஒரு கணக்கு ஓடும், காரியத்தைச் சத்தமில்லாம முடிச்சிடுவான். இவனை எந்தக் குமிழ்ல வைப்பீங்க? பொலிவியாவுல சிமானே பழங்குடி மக்கள்கிட்ட செஞ்சு 2013-ல வந்த ஆய்வுல, இந்த அஞ்சு அப்படியே கிடைக்கல.

ஆல்பர்ட் பண்டூராவை ஒரு வரில சொல்லிடுறேன்: அடுத்தவங்களைப் பாத்தும் நடத்தையைக் கத்துக்கிறோம். பெரியவங்க பொம்மையை அடிக்கிறதைப் பாத்த பசங்க அதே மாதிரி அடிச்சாங்க, 1961 ஆய்வு. எங்க கிளப்ல எட்டு வயசுப் பையன் காய் மிஸ் ஆனா "ப்ச்"சுன்னு நாக்கைத் தட்டுறதைப் பாத்தா, ஆய்வே தேவையில்ல.

[காட்சி: மறுபடி அண்ணன். விரல் நுனில பவுடர்.]

1968-ல வால்டர் மிஷெல் ஒரு குண்டு போட்டாரு. குணத்தை அளக்குற டெஸ்ட்ல வர்ற மார்க்குக்கும், ஒரு குறிப்பிட்ட இடத்துல ஆளு நெஜமா நடந்துக்கிறதுக்கும் ஒட்டுறவு பெரும்பாலும் 0.3 அளவுதான், 1-ன்னா முழுப் பொருத்தம். அப்போ குணம்னே ஒண்ணு இல்லியா? அவரே பின்னால யூயிச்சி ஷோடாவோட சேர்ந்து ஒரு கோடைக்கால முகாம்ல பசங்களை வாரக்கணக்கா கவனிச்சாரு. அந்த ஆய்வு 1994-ல வந்துச்சு. ரெண்டு பசங்க மொத்தத்துல ஒரே அளவு சண்டைக்காரங்களா இருக்கலாம். ஆனா ஒருத்தன் கூட்டாளி கிண்டல் பண்ணாத்தான் எகிறுவான், இன்னொருத்தன் பெரியவங்க மிரட்டினாத்தான். இப்படி ஆனா இப்படிங்கிற அந்தக் கோலம்தான் அவனவன் கையெழுத்து.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஏலம் சுருங்கிடும். அண்ணன் பகல் முழுக்க கிளப்லதான். அந்தத் தடைக்காலத்துல கிளப்ல சேந்த ஒரு காலேஜ் பையன் எங்கிட்ட கேட்டான், "அவருக்குப் பேச வருமா, வராதா?"

பத்து நாள் கழிச்சு அவனே எதிர்ல உக்காந்தான். எட்டி அடிக்கும்போது முழங்கை பட்டு அண்ணனோட கறுப்புக் காய் ஒரு அரை இஞ்சு நகந்துச்சு. இவன் பாக்காத மாதிரி அடுத்த ஷாட்டுக்குப் போனான்.

"இன்னாபா! காயை எட்த்து இருந்த இடத்துல வைய்யி!"

சந்து முனை டீக்கடைலேர்ந்து ரெண்டு பேர் எட்டிப் பாத்தாங்க. அவங்க காசிமேட்டுக்காரங்க. "அண்ணன்தான்"னுட்டு திரும்பி டீயைக் குடிச்சாங்க.