எம்.பி.ஏ.வில் உங்கள் பாடத்தை நீங்களே அமைக்கலாம்: ஆத்தூர் ரோட்டிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில், வாழப்பாடி தாண்டி ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு வெளியே நிற்கிறேன். லாரிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இண்டிபெண்டன்ட் ஸ்டடி பற்றிப் பேசப்போகிறேன். ஒரு எலெக்டிவ் பேப்பருக்கு, அதாவது விருப்பப் பாடத்துக்குப் பதிலாக நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் ஒரு செமஸ்டர் முழுக்க ஆராய்ந்து, அதற்குக் கிரெடிட் வாங்குவது. கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் இதற்கு ‘கோர்ஸ் ஆஃப் இண்டிபெண்டன்ட் ஸ்டடி’ என்று பெயர். பெங்களூரு ஐ.ஐ.எம்.மில் ‘கன்டெம்பரரி கன்சர்ன்ஸ் ஸ்டடி’. ஹார்வர்டிலும் இரண்டாம் ஆண்டில் இப்படி ஒன்று உண்டு.

நம்ம ஊர்க் கல்லூரியில் இதெல்லாம் நடக்குமா? அது உங்கள் கல்லூரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை அவர்களே வகுக்கலாம். ரெகுலேஷன்ஸ் புத்தகத்தை வாங்கி, ‘செல்ஃப் ஸ்டடி’ என்றோ வேறு பெயரிலோ ஏதாவது இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். இல்லையென்றால் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) கூட்டத்துக்கு முன்பே துறைத் தலைவரிடம் பேச வேண்டும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகப் பாடத்திட்டம்தான், கல்லூரி தானாக ஒரு பேப்பரைச் சேர்க்க முடியாது. அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் ப்ராஜெக்ட் பேப்பரை நல்ல கேள்விக்குப் பயன்படுத்துவது. இன்னொன்று மத்திய அரசின் இணையவழித் தளமான ஸ்வயத்தில் உள்ள படிப்புகள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க யு.ஜி.சி.யின் 2021 விதி இடம் தருகிறது, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும்.

சரி, விதியெல்லாம் அவ்வளவுதான். எல்லோரும் ஃபார்மில் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஃபார்ம் கடைசி. முதலில் கேள்வி வேண்டும்.

நம் பக்கத்து எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்களில் பலவற்றுக்கு ‘வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு’ என்றே தலைப்பு வைக்கிறார்கள். நூறு பேரிடம் கேள்வித்தாள், நாலு பை சார்ட், பைண்டிங், முடிந்தது. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதோ, கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு, லாரி நிறைய. இதற்கு எடைக்கு மட்டும் விலை கிடையாது. மாதிரி எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதைத்தான் பாயிண்ட் என்கிறார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. பாயிண்ட் குறைந்தால் விவசாயியின் கையில் வருவதும் குறையும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். விலை பிடிக்கவில்லை என்று விவசாயி லாரியைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. ஆனால் அதே கிழங்கு ஜவ்வரிசி ஆகிவிட்டால் மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆலைக்காரர்களின் சரக்கை வைத்து விற்க உதவுகிறது. அதாவது ஒரு பக்கத்துக்காரர் காத்திருக்கலாம், மறுபக்கத்துக்காரர் காத்திருக்க முடியாது. பேரம் பேசும் பலம், சப்ளை செயின், விலை நிர்ணயம் என்று வகுப்பில் படிப்பது எல்லாம் இந்த ஒரு ஆலை வாசலுக்கு வெளியே நிற்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அதனால் கிழங்கு விலையில் ஏதாவது மாறியதா? இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் ‘சேகோ தொழில்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் எந்தப் பேராசிரியரும் கையெழுத்துப் போடமாட்டார். ‘பாயிண்ட் கணக்கில் விலை தரும் முறை, ஆத்தூர் வட்டார விவசாயி எந்த மாதத்தில் கிழங்கு பிடுங்குகிறார் என்பதை எப்படி மாற்றுகிறது?’ என்று எழுதுங்கள். இதற்கு யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஏற்காடு பக்கத்து ஆள் என்றால் காபித் தோட்டத்தை எடுங்கள். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். காபி விலை விழுந்த வருடத்தில் அந்த மிளகு சிறு தோட்டக்காரரை எவ்வளவு தாங்கியது என்று பார்க்கலாம்.

அப்புறம் கைடு, அதாவது மேற்பார்வை செய்யும் பேராசிரியர். உங்கள் கேள்வியையும் திட்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு, முந்தைய செமஸ்டர் முடிவதற்குள் போய்ப் பேசுங்கள், எலெக்டிவ் பதிவு தொடங்கிய பிறகு போனால் அவர்களுக்கு வேலைப்பளு நிரம்பியிருக்கும். பல இடங்களில் இந்த மேற்பார்வை ஆசிரியரின் வேலை நேரக் கணக்கிலேயே வராது, அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். “மேடம், இந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் போதும், மற்றதை நான் எழுதிக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். பெரிய பேர் உள்ளவரைவிட, நீங்கள் எழுதியதை உட்கார்ந்து படித்துத் திருத்துகிறவரே மேல்.

அந்த ஒரு பக்கத்தில் மணிக்கணக்கு கட்டாயம் வேண்டும். தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட்டுக்கு 90 மணி நேரம், 15 வாரத்தில் வாரம் ஆறு மணி நேரம். களப்பணி, வாசிப்பு, எழுத்து எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். மதிப்பெண் எப்படி என்பதையும் எழுதுங்கள்: இடைக்கால அறிக்கைக்கு எவ்வளவு, இறுதி அறிக்கைக்கு எவ்வளவு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இரண்டாவது ஆசிரியர் யார். கைடு மகப்பேறு விடுப்பிலோ வேறு கல்லூரிக்கோ போனால் அந்த இரண்டாமவர்தான் உங்களைக் காப்பாற்றுவார்.

ஆலைக்குப் போகும்போது கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். முதலாளியிடம் லாபம் எவ்வளவு என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள், அங்கேயே பேச்சு நின்றுவிடும். மாதிரி எப்படி எடுக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள், தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். விவசாயியையும் தனியாகப் பார்த்துப் பேசுங்கள், ஆலை வாசலில் வைத்துக் கேட்டால் மனம் திறந்து பேசமாட்டார். அறிக்கையில் யார் பெயரும் வேண்டாம்.

கடைசியாக, வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆய்வுக்குப் பேப்பர் கோடு வந்துவிட்டதா என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். கைடு சரி என்றார், துறைத் தலைவர் தலையாட்டினார் என்பதெல்லாம் மார்க் ஷீட்டில் ஏறாது. கையெழுத்தான ஒப்புதலின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்று அடுத்த வீடியோவில் முழுசாக எழுதியே காட்டுகிறேன். மாவட்டத்துக்குள் என்ன தொழில், என்ன கேள்வி என்று யோசித்து வையுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை பற்றி யாராவது எடுத்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.