முதல் விலை யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் இன்று நம் இராமநாதபுரம் கடற்கரையில் நிறைய இருக்கிறார்கள். தொண்டியிலிருந்து மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரைக்கும் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். படித்து முடித்ததும் வளைகுடாவுக்கு விசா தேடாமல், இங்கேயே ஏதாவது செய்யலாமா என்று கேட்டு வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வருகிறவர்களில் பலர் முதலில் பேசுவது ஒரு ஆப் பற்றி. பாம்பன் மீனை மதுரையிலும் சென்னையிலும் நேரடியாக வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆப். சரி, நல்ல யோசனைதான். ஆனால் கரைக்கு வருகிற அந்த மீன் யாருடையது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நாட்டுப்படகு வைத்திருக்கும் பலர் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் பிடித்து வருகிற நண்டையும் கணவாயையும் அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும், அதுவும் அவர் சொல்கிற விலைக்கு. கிலோவுக்குக் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் வட்டிதான். ஏட்டில் மட்டும் அது ஏறுவதில்லை. முன்பணம் அடைகிற வரைக்கும் அந்தப் படகின் மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆப்பில் ஆயிரம் பேர் ஆர்டர் போட்டாலும் கொடுக்க மீன் இருக்காது.

வியாபாரியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடவும் முடியாது. ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கதவைத் தட்டியதும் பணம் கொடுப்பவர் அவர். வங்கி அந்த நேரத்தில் திறந்திருக்காது. திறந்திருக்கும் நேரத்திலும் பத்திரம் கேட்கும். அவருடைய இடத்துக்கு வர நினைக்கும் இளைஞர்கள், அவர் செய்கிற இந்த வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இது முடியாத காரியமும் இல்லை. 1980இல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அதில் இருக்கும் கிராமச் சங்கங்கள் மீனவர்களுக்கே சொந்தமானவை. பிடித்த மீனைக் கரையிலேயே சங்கம் ஏலம் விடும். படகுக்கும் வலைக்கும் கடன் கிடைக்கச் சங்கமே வழி செய்யும். விற்ற பணத்திலிருந்து ஒரு பங்கு கடனுக்கும், இன்னொரு பங்கு சேமிப்புக்கும் போகும். கடல் கொடுக்காத நாளில் தவணையும் குறைவுதான். கடலுக்குப் போகிறவனுக்கு மாதத் தவணை ஒத்துவராது என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

நம் பக்கத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பின்னாளில் அந்தத் தீவுகளுக்குப் போகக் கெடுபிடி கூடியபோது இவர்களின் பிழைப்பே கேள்விக்குறியானது. அப்போது இவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தார்கள். மாதத்துக்கு 12 நாள் மட்டும் பாசி எடுப்போம், கையால்தான் எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டார்கள். சங்கத்தை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015இல் சீக்காலஜி என்ற அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்கள் நடத்திய இந்த ஏற்பாட்டை, மேலாண்மை படித்த பிள்ளைகள் போய் உட்கார்ந்து கேட்டுப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாசி என்றதும் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும் நினைவுக்கு வரும். 12 அடிக்கு 12 அடி மிதவை கட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து, மீன் கடிக்காமல் இருக்க அடியில் பழைய வலையைக் கட்டி விட்டால், 45 நாளில் அறுவடை. 2000க்குப் பிறகு எத்தனையோ சுய உதவிக் குழுக்களுக்கு இது வருமானம் கொடுத்தது. ஆனால் தண்ணீர் சூடான ஆண்டுகளில் பாசி வெளுத்து அழுகியது. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறையின் மேல் அது படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த பாசி இது. இப்போது தொண்டி பக்கம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதை நம்பித் தொழில் தொடங்கும் பிள்ளைகள் ஒரே பாசியை மட்டும் நம்ப வேண்டாம். நம் கடலில் தானாகவே வளர்கிற பாசிகளையும் வளர்த்துப் பாருங்கள். பாறை கெட்டால் மீன் போகும். மீன் போனால் எந்தத் தொழிலும் நிற்காது.

பெரிய முதல் இல்லாதவர்கள் கருவாட்டைக் கவனிக்கலாம். வெறும் மணலில் காய்கிற நெத்திலியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மணல் நறநறவென்று ஒட்டும். அதைக் காட்டித்தான் வாங்க வருகிறவர் விலையைக் குறைக்கிறார். அதே நெத்திலியை இடுப்புயரப் பரணில் வலை விரித்துக் காயப்போட்டால் கீழிருந்தும் காற்று புகும், சீக்கிரம் காயும், மணல் கிடையாது. கம்பும் பழைய வலையும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? கூட ஒரு நல்ல தராசு வேண்டும். எடை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நான் போன ஒரு ஊரில் அக்காமார் ஐந்தாறு பேர் சேர்ந்து தராசு வாங்கி வைத்தார்கள். விலை பேசும் முறையே அன்றிலிருந்து மாறிவிட்டது. முன்பெல்லாம் "பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்பவர்கள், இப்போது எடையைச் சொல்லிவிட்டு விலையைக் கேட்கிறார்கள்.

தொடங்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். விடியற்காலையில் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போங்கள். என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தார், என்ன விலை, அன்றைக்கே இராமநாதபுரம் சந்தையில் அது என்ன விலைக்குப் போனது என்று எழுதுங்கள். வாடைக் காலத்திலும் எழுதுங்கள், கச்சான் காற்று அடிக்கும்போதும் எழுதுங்கள். வங்கி மேலாளரிடம் போனாலும், அரசுத் திட்டத்துக்கு மனு போட்டாலும், அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். அப்புறம், வளர்ப்பு பற்றியோ பதப்படுத்துவது பற்றியோ சந்தேகம் என்றால் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

நம்முடைய கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. சந்தைக்கு மீன் வரத்துக் குறைவதால் அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, முன்பணத்தை அடைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட ஏற்ற காலம் அது. பொங்கல் முடிந்த கையோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் தடைக்காலத்துக்குள் தயாராகிவிடலாம்.

நன்றி. வணக்கம்.