குதிரை சொன்ன கதையும் பூட்டிய அலமாரியும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, நூல்களை அன்பளிப்பாகத் தந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து பந்தல் போட்டு மைக் கட்டி, எனக்குச் சுக்குக் காபியும் கொண்டுவந்து தந்த தம்பிகளே, முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'பிளாக் பியூட்டி' நாவலின் கதை, நடை, அது எழுந்த காலம் என்று மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும், ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும் என்பார்கள். இங்கிலாந்தில் அன்னா சூவெல் 1877இல் இதைத்தான் ஒரு குதிரையின் வாயால் சொல்ல வைத்தார். 14 வயதில் கால் அடிபட்டு, வெளியே போகக் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். அவர் எழுதிய ஒரே நாவல் இது. வெளிவந்த சில மாதங்களில் இறந்துபோனார்.

கறுப்புக் குதிரை கைமாறிக்கொண்டே போகிறது. நல்ல எஜமானர், பகட்டான சீமாட்டி, லண்டனில் வாடகை வண்டிக்காரர் ஜெர்ரி. சீமாட்டிக்குக் குதிரையின் தலை நிமிர்ந்து மிடுக்காகத் தெரியவேண்டும். அதற்காகக் கழுத்தை மேலே இழுத்துக் கட்டுகிற ஒரு வார். மேட்டில் வண்டி இழுக்கும்போது தலையைத் தாழ்த்தினால்தானே பலம் வரும்? அதற்கு வழியில்லை. இதைக் குதிரையே சொல்லும்போது நம் பிடரி வலிக்கிறது. நடையின் வெற்றி அதுதான்.

அதன் தோழி ஜிஞ்சர். முரட்டுக் கைகள் பழக்கியதால் கடிக்கும், உதைக்கும். அன்பான லாயத்துக்கு வந்ததும் சாந்தமாகிறாள். பாடுகிற மாட்டைப் பாடித்தானே கறக்கணும்!

ஒரு பள்ளியில் இந்தக் கதையை வாய்விட்டு வாசித்தேன். லண்டன் தெருவில் செத்த குதிரையை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போகிறது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. அது ஜிஞ்சராகவே இருக்கட்டும், அவள் பட்ட பாடு தீர்ந்திருக்குமே என்று நினைக்கிறது நம் குதிரை. வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். வீட்டில் உழவு மாடு வைத்திருக்கிறவன். "சார், அது வேற குதிரைதானே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்தது. வாசல் வரை கூடவே வந்தான். "புஸ்தகம் தாங்க சார், நானே பார்த்துக்கிறேன்." புத்தகம் பள்ளியுடையது, அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டது. அலமாரிக்குப் பூட்டு, சாவி வைத்திருந்தவர் விடுப்பு. ஒரு வாரம் அந்தக் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான்.

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன். அலமாரிகளைத் திறந்து வையுங்கள். புத்தகம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை வாசிப்புக்கு விடுங்கள். ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்கணும். காலத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னிக்கவும். தலைமை ஆசிரியர் அம்மா, இன்று வந்த புத்தகங்களை அலமாரியில் வைக்காமல் இந்த மேசையிலேயே விட்டுவிடலாமா? நன்றி, வணக்கம்.