நான் பார்த்தது ஒரு வீதி

(கோவையில் கல்லூரி மாணவர்களின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'கோவைத் தொடர் குண்டுவெடிப்பை நேரில் கண்டவர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அன்பினால் செய்ததுதான். ஆனாலும் அதற்கு மறுப்புச் சொல்லிவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்க முடியும். அப்படி ஒருவர் இந்த ஊரில் கிடையாது. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. 12 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். ஆர்.எஸ்.புரம், பெரிய கடை வீதி, உக்கடம், காந்திபுரம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த ஒன்றை எந்த மனிதன் ஒரு கண்ணால் பார்த்திருக்க முடியும்? நான் பார்த்தது ரங்கே கவுடர் வீதியின் ஒரு முனையை. அதுவும் பாதி நேரம் ஷட்டர் இடுக்கு வழியாக.

அந்த வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை என்றால் சுமை தூக்குபவர்களுக்கு வாரக்கூலி கொடுக்கும் நாள். சில்லறைக்கு ஆள் அனுப்பிவிட்டு, சிட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தேர்தல் சமயம். அன்று ஆர்.எஸ்.புரத்தில் பா.ஜ.க. தலைவர் அத்வானி பேசவிருந்தார், ஊரெல்லாம் தோரணம். அதனால் முதல் சத்தம் கேட்டபோது எங்கள் முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தலைவர் வந்துவிட்டார் போலிருக்கிறது, கட்சிக்காரர்கள் வெடி போடுகிறார்கள்" என்றார். உண்மையில் தலைவர் வந்திருக்கவில்லை. அவருடைய விமானம் தாமதம். கூட்டம் நடக்கவிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, 4 மணிக்குச் சற்று முன்னால், குண்டு வெடித்துவிட்டது. இதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் படித்தது. அன்று மண்டியில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு சத்தம் மட்டும்தான்.

அடுத்த சத்தத்தில் அடுக்கி வைத்திருந்த எண்ணெய் டின்கள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு யாரும் கட்சிக்காரர்கள் என்று சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஓர் இடத்தில் ஆபத்து என்றால் மனிதன் எதிர்த் திசையில் ஓடுவான். தீப்பிடித்தால், கட்டடம் இடிந்தால், யானை மிரண்டால்கூட ஓடுவதற்கு ஒரு திசை இருக்கும். அன்று எங்கள் வீதி முனையில் டவுன்ஹால் பக்கமிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தது. ரயில் நிலையப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் ஓடி வந்தது. இரண்டும் எதிரெதிரே வந்து முட்டி நின்றன. "அந்தப் பக்கம் போகாதே" என்று இவர்கள் கத்தினார்கள். "இந்தப் பக்கம் வராதே" என்று அவர்கள் கத்தினார்கள். பிறகு சில நொடிகள் யாரும் எங்கும் ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்த மனிதர்கள் போக இடமில்லாமல் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டு வைப்பதன் நோக்கமே அதுதான் என்று பின்னால் யோசித்தபோது புரிந்தது. கொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை, ஊருக்குள் பத்திரமான பக்கம் என்று ஒன்று இல்லாமல் செய்தார்கள்.

பெரிய கடை வீதிப் பக்கம் புகை எழுந்தது. எங்கள் மண்டிக்கு மூட்டை இழுக்கும் ஒருவர், கோணிச் சாக்குகளை மூன்று சக்கர வண்டியில் விரித்து, இரத்தம் ஒழுகும் ஒரு அம்மாவைக் கிடத்தி, பெரிய ஆஸ்பத்திரியை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. வண்டி தள்ளியவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்திலும் குண்டு வெடித்தது என்பதை நாங்கள் அறிந்தபோது, அவரை அங்கே போகச் சொல்லி அவசரப்படுத்திய எங்கள் முதலாளி பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். காயம்பட்டவர்களைக் கொண்டுபோகும் இடத்திலேயே குண்டு வைத்தவனின் மனம் எப்படிப்பட்டது என்று ஆராய எனக்கு விருப்பமில்லை. அதற்கு எந்த நியாயமும் கிடையாது. இங்கே பின்வரிசையில் யாராவது 'ஆனால்' என்று தொடங்க நினைத்தால், அந்த ஒரு குண்டை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். பிறகு ஷட்டரை இறக்கினோம். இருட்டும் நேரத்தில் செல்வபுரத்தில் இருந்த வீட்டுக்கு நடந்தே போனேன்.

இப்போது நான் பார்க்காததைப் பற்றிச் சொல்கிறேன்.

சில நாட்கள் கழித்து ஒரு காவல்துறை அதிகாரி வீதியில் விசாரித்துக்கொண்டு வந்தார். எத்தனை சத்தம் கேட்டது என்பது அவருடைய முதல் கேள்வி. நான் இரண்டு என்றேன். முதலாளி மூன்று என்றார். எடுபிடிப் பையன் ஐந்து என்றான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நெருக்கமான வீதிகளில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும், எதிரொலியும் ஒரு குண்டாகக் கணக்கில் ஏறிவிடும். அதிகாரி மூன்றையும் எழுதிக்கொண்டார். அடுத்து, சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா என்றார். இல்லை என்றோம். அதற்கு ஒரு வாரம் முன்பு வரை யார்மீதும் சந்தேகப்படாத சிலர், அதே வீதியில், தாடி வைத்த ஓர் ஆள் பையோடு போனதைப் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ரங்கே கவுடர் வீதியில் பை இல்லாமல் போனவன் எவன்? அங்கே வருவதே பை நிறைய வாங்கத்தான்.

ஜெலட்டின் குச்சிகளை நேரக் கருவியோடு பொருத்தி, கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், ரெக்சின் பை, பழ வண்டி என்று கண்ணுக்குப் பழகிப்போன பொருள்களில் ஒளித்து வைத்திருந்தார்கள். பார்த்தும் பார்க்காமல் கடந்து போகிற பொருள்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, 'நான் அப்போதே கவனித்தேன்' என்று சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வெடிக்காத குண்டுகளை நிபுணர்கள் தேடித் தேடிச் செயலிழக்கச் செய்தார்கள். ஆர்.எஸ்.புரம் லோகமான்ய வீதியில் வெடிபொருளோடு நின்ற கார், அந்த நாட்களில் ஊர் முழுவதற்கும் பேச்சாக இருந்தது. ராணுவம் வந்தது, விரைவு அதிரடிப் படை வந்தது. கைப்பேசி இல்லாத காலம் அது. எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றவர்கள் தங்கள் முறை வருவதற்குள் முன்னால் நின்றவரிடம் கேட்ட கதையைப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தனியாக நிற்கும் சைக்கிளைக் கண்டு தெருவே காலியானதை நானே பார்த்திருக்கிறேன். அது ஒரு தபால்காரருடைய சைக்கிள்.

கண் ஏமாற்றும், காது ஏமாற்றும். பேரேடு அவ்வளவு எளிதாக ஏமாற்றாது. அது என் தொழில்பற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிதியாண்டு முடிகிற மார்ச் மாதம் கணக்கு முடிக்க உட்கார்ந்தேன். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டுக் கடைக்காரர்களின் பக்கங்களைத் திருப்பினேன். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நோன்புக் கஞ்சிக்கான நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எங்கள் மண்டியிலிருந்துதான் போகும். அந்த வருடம் ரம்ஜான் நோன்பு ஜனவரியில் வந்தது. பக்கங்கள் வெறுமையாக இருந்தன. பற்று நின்றுபோனது பிப்ரவரியில் அல்ல, நவம்பர் கடைசியில்.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. அதற்குப் பழிவாங்கத்தான் அல்-உம்மா என்ற தீவிரவாத அமைப்பினர் குண்டு வைத்தார்கள் என்பது பின்னால் வழக்கில் அரசுத் தரப்பே முன்வைத்த வாதம். இதைச் சொன்னால், குண்டு வைத்தவர்களுக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். பிப்ரவரியை மறந்துவிட்டு நவம்பரை மட்டும் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்மீதும் எனக்கு அதே வருத்தம்தான். என் பேரேட்டில் இரண்டு மாதங்களும் ஒரே வரிசையில் இருந்தன. மூன்று மாதம் எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் வராமல் இருந்திருக்கிறார்கள், ஏன் என்று மண்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேறு மண்டியில் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றை நீங்களே படித்துக்கொள்ளலாம். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.–பா.ஜ.க. கூட்டணி தமிழ்நாட்டில் 39 இடங்களில் 30 இடங்களை வென்றது. கோவையில் சி.பி.ராதாகிருஷ்ணன் வென்றார். நீதிபதி கோகுலகிருஷ்ணன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. வழக்கில் 160க்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். 2007 ஆகஸ்ட் 1 அன்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லத் தொடங்கியது. அல்-உம்மா தலைவர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. அவர் 2024 டிசம்பரில் இறந்தார்.

அதே தீர்ப்பில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி விடுதலையானார். 1998இல் கைதானவர், 9 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தபிறகு. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு நீதிமன்றம் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று சொல்லும் முன் 9 வருடம் ஓடிவிட்டது என்பதைக் கணக்கெழுதுபவனால் லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த 9 வருடத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

உங்களில் பெரும்பாலோர் 1998இல் பிறந்திருக்கவில்லை. பிப்ரவரி 14 உங்களுக்குக் காதலர் தினம், அதில் தவறில்லை. ஆனால் அந்த நாளில் ஊர் முழுக்க வாகனச் சோதனை நடப்பதையும், ஆர்.எஸ்.புரத்தில் அஞ்சலி செலுத்துவதையும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் வரும் செய்தியையும் படித்திருப்பீர்கள். அதில் இறந்தவர்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. 58 போதாதா?

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில், கோட்டைமேட்டில் இருக்கும் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு ஒரு கார் வெடித்து அதில் இருந்தவர் இறந்தார். தேசியப் புலனாய்வு முகமை விசாரணையை எடுத்துக்கொண்டது. இந்த முறை கண்காணிப்புக் கேமரா இருந்தது, எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. ஆனாலும் காலைப் பலகாரம் முடிவதற்குள், கோட்டைமேட்டில் கால் வைத்தே பார்த்திராத என் உறவினர் ஒருவர், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்றெல்லாம் எனக்கு விளக்கமாகச் சொன்னார். "நீங்கள் பார்த்தீர்களா மாமா?" என்று கேட்டேன். "பார்த்தவர்கள் சொன்னார்கள்" என்றார். யார் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

நீங்கள் இந்த ஊரின் அனுபவங்களைத் தொகுக்கப் போவதாகச் செயலாளர் சொன்னார். நல்ல காரியம். என்னைப் போன்றவர்களிடம் 'என்ன நடந்தது' என்று கேட்காதீர்கள், நாங்கள் கதை சொல்லிவிடுவோம். எந்த வீதியில், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று கேளுங்கள். கண்டது எது, கேட்டது எது, மறுநாள் படித்தது எது என்று தனித்தனியே எழுதுங்கள். நூலகத்தில் பழைய நாளிதழ்களை எடுத்தால் பிப்ரவரி 15இலிருந்து தொடங்காமல் நவம்பர் 30இலிருந்து புரட்டுங்கள். கோட்டைமேட்டுக்கும் போய்க் கேளுங்கள். அங்கே நுழைவதற்கே போலீஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டியிருந்த வருடங்களைப் பற்றி அவர்கள் பார்த்தது நான் பார்க்காதது.

முன்வரிசையில் என் வயதுக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் நான் பேசும்போது இல்லையென்று தலையாட்டியதைக் கவனித்தேன். நீங்கள் மேடைக்கு வர வேண்டியதில்லை, தம்பி மைக்கைக் கொண்டு வருவார். முதலில் எங்கே நின்றிருந்தீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் ஐயா.