விருதுப்பட்டி கடைக்காரரும் அவருடைய பேரேடும்

[திரை இருட்டு. கருங்கல்லில் ஒரு வெள்ளிக்காசு விழும் ஓசை மட்டும். இரண்டு முறை.]

இந்த ஓசையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1900களின் தொடக்கத்தில், ஒரு சின்ன ஊர்க் கடைக்காரருக்கு இது அன்றாடப் பரீட்சை. கையில் வந்த ரூபாயைச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் கல்லாவுக்குள் போகும். மந்தமாக ஒலித்தால், "வேற காசு குடுங்க அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிடுவார்.

வணக்கம். இன்றைக்கு நாம் போகிற ஊர் விருதுப்பட்டி. 1923இல்தான் அது விருதுநகர் ஆனது. அங்கே பலசரக்குக் கடையும் சின்னதாக ஒரு மண்டியும் வைத்திருந்த ஒருவர் எப்படிப் பிழைத்தார் என்று பார்க்கப்போகிறோம். அவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. அந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

[வரைபடம்: மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு கோடு. நடுவில் விருதுப்பட்டி.]

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தி, மிளகாய், மல்லி விளையும். நெல்லுக்கு வெளியூரைத்தான் நம்ப வேண்டும். 1876இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போனது. சிவகாசிக்கு 1927 வரை ரயில் இல்லை, அருப்புக்கோட்டைக்கு அதற்குப் பிறகும் பல காலம் இல்லை. அப்போ அந்த ஊர்ச் சரக்கெல்லாம் எங்கே வரும்? மாட்டுவண்டியில் விருதுப்பட்டிக்கு. இங்கே இறங்கி, எடை போட்டு, மூட்டை மாறி, ரயிலேறும். பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் மில்களுக்கும் போகும். மிளகாய் கொழும்புவரை போகும்.

ரயிலுக்கு முந்தைய காலத்தில் வண்டிகள் கூட்டமாகத்தான் கிளம்பும், வழிப்பறிக்குப் பயந்து. ராத்திரி தங்க வியாபாரிகளே சுவர் வைத்துக் கட்டிய இடத்துக்குப் பேட்டை என்று பெயர். வண்டி, மாடு, சரக்கு, மனிதர் எல்லாம் உள்ளே, கதவு அடைத்தாகிவிடும். பிறகு அந்தப் பேட்டையைச் சுற்றியே கடைகள் முளைத்தன.

[கடையின் உள்பக்கம்: சாக்குகள், தொங்கும் தராசு, கல்லாப்பெட்டி, சாய்வுமேசை.]

சரி, கடைக்குள் போவோம்.

ஒரு பையன் நிற்கிறான் பாருங்கள். பன்னிரண்டு வயது இருக்கும். உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை. சாப்பாடு இங்கே, படுக்கை கடையிலேயே. முதலில் பொட்டலம் கட்டக் கற்றுக்கொள்வான். தராசைத் தொடுவது பிறகு. கல்லாப்பெட்டிப் பக்கம் போவதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

அவன் போட வேண்டிய கணக்கு எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 192 தம்பிடி. எடையில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. பேச்சுக்கு, மல்லி வீசை ஐந்து அணா என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மா வந்து "ஆறு பலம் குடு தம்பி" என்கிறார். ஐந்து அணா என்றால் அறுபது தம்பிடி. நாற்பதால் வகுத்தால் பலம் ஒன்றரைத் தம்பிடி. ஆறு பலத்துக்கு ஒன்பது தம்பிடி, அதாவது முக்காலணா. இதை அந்தப் பையன் மல்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொல்லிவிடுவான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மாகாணி, அரைக்கால் என்று பாட்டாகவே மனப்பாடம் பண்ணியதன் பலன். நமக்குக் கால்குலேட்டர் வேண்டும்!

இன்னொரு விஷயம். வெள்ளி ரூபாய் கிட்டத்தட்ட 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம். எடைக்கல் மேல் சந்தேகம் வந்தால் மூன்று ரூபாயைத் தட்டில் வைத்துப் பார்த்துவிடலாம். பணமே எடைக்கல்லாகவும் இருந்த காலம்.

தானியம் அளக்கும்போது "ஒன்று" என்று தொடங்க மாட்டார்கள். முதல் படிக்கு "லாபம்". அப்புறம்தான் ரெண்டு, மூணு.

[பேரேடு திறக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. ஓரங்களில் மஞ்சள்.]

இந்தக் கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு. தினமும் நடப்பதை நாள்வழியில் எழுதி, அதை ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு ஏற்றுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், பற்று, வரவு.

கரிசல் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, கையில் காசு புழங்குவது மிளகாயும் பருத்தியும் வீடு வரும் மாசி முதல் சித்திரை வரைதான். ஆனால் உப்பும் புளியும் மண்ணெண்ணெயும் வருஷம் முழுக்க வேண்டும். அதனால் ஒன்பது மாதம் பற்று ஏறிக்கொண்டே இருக்கும். வெள்ளாமை வந்ததும் அதே கடைக்காரரின் மண்டியில் மூட்டையை இறக்குவார். விற்ற பணத்தில் பாக்கியும் வட்டியும் தரகும் போக, மிச்சம் கைக்கு. வாங்குவதும் விற்பதும் கடன் கொடுப்பதும் ஒரே ஆள் என்றால், விலை பேசுவதில் சம்சாரிக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அவ்வளவாக இருந்திருக்காது. கடைக்காரரை நல்லவர் என்றே காட்ட எனக்கு ஆசைதான், ஆனால் கணக்கு அப்படி முழுசாக ஒத்துவரவில்லை.

அவர் மட்டும் ரொக்கமாகவா வாங்கினார்? மதுரையிலும் தூத்துக்குடியிலும் உள்ள பெரிய வியாபாரியிடம் அவரும் தவணைக்குத்தான் எடுத்தார். சம்சாரி தரும்வரை அவர் காத்திருக்க வேண்டும், அவர் தரும்வரை தூத்துக்குடிக்காரர் காத்திருக்க வேண்டும். இத்தனை பேரையும் சேர்த்துக் கட்டியிருந்தது நாணயம். காசுக்கும் அதே சொல், சொன்ன சொல் தவறாமைக்கும் அதே சொல். "ஆள் நாணயமானவர்" என்ற பேச்சு இருந்தால் சரக்கு வந்து இறங்கும். 1907இல் வந்த திவால் சட்டப்படி கோர்ட்டுக்குப் போய் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்ற பேச்சு கிளம்பினால் முடிந்தது கதை. பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

இந்த ஊரின் பெரும்பாலான வியாபாரிகள் நாடார்கள். வியாபாரத்தில் காசு சேர்ந்தது. கோயில் கதவு திறக்கவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தது வழக்காகி, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. நடுவில் 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. அந்தக் கலவரச் செய்தி வந்த வாரத்தில் நம் கடைக்காரர் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்?

அவர்கள் நம்பியது உறவின்முறையை, அதாவது தங்கள் சமுதாயத்தின் ஊர்ச் சங்கத்தை. ஒவ்வொரு மூட்டை வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை மகமை என்று ஒதுக்கிப் பொதுவில் சேர்த்தார்கள். கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. வீட்டிலும் ஒரு வசூல் உண்டு. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். அந்தப் பிடியரிசியும் சேர்ந்து வளர்த்ததுதான் க்ஷத்திரிய வித்யாசாலை. அங்கே படித்த ஒரு பையனின் அப்பா தேங்காய் வியாபாரி, சின்ன வயதிலேயே போய்விட்டார். பையன் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தான். ஆனால் கடையில் கால் தரிக்கவில்லை, கூட்டம் கேட்கப் போய்விடுவான். வியாபாரக் குடும்பங்களுக்குத் தெரிந்த மருந்தையே கொடுத்தார்கள்: திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். மருந்து வேலை செய்யவில்லை. அந்தப் பையன் காமராஜர்.

[ஒரு ரூபாய்த் தாள். ஐந்தாம் ஜார்ஜ் படம்.]

1917 நவம்பரில் இது வந்தது. முதல் உலகப்போரில் வெள்ளி தட்டுப்பாடு, அதனால் ஒரு ரூபாய்க்கும் காகிதம். சுண்டினால் ஓசை வருமா? நாட்டில் பல இடங்களில் வட்டம், அதாவது கொஞ்சம் கழிவு, பிடித்துக்கொண்டுதான் தாளை வாங்கினார்கள். அடுத்த வருஷம், 1918இல், விலை ஏறி, அரிசி கிடைக்காமல், சென்னை மாகாணத்தில் பல ஊர்களில் கடைகளும் மண்டிகளும் கொள்ளை போயின. பதுக்கியவர்களும் இருந்தார்கள், பதுக்காமலே அடி வாங்கியவர்களும் இருந்தார்கள்.

1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கி அதுதான். அதுவரை ஆளைப் பார்த்துக் கொடுத்த கடன், இப்போது கையெழுத்தையும் பார்க்கத் தொடங்கியது. அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். ஸ்வீடன், ஜப்பான் பெட்டிகள் இருந்த அலமாரியில் உள்ளூர்ப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

பிறகு 1930களின் மந்தம். பருத்தி விலை விழுந்தது. மூட்டை அதே மூட்டைதான், பாக்கியும் அதே பாக்கிதான், ஆனால் இப்போது அந்த மூட்டையால் பாக்கி அடையவில்லை. வட்டி மட்டும் ஏறியது. 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன்னால் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி தள்ளுபடி.

[பேரேடு மறுபடியும். ஒரு பக்கம் மட்டும்.]

கணக்குப்பிள்ளை மைக்கூட்டைத் திறக்கிறார். வட்டி என்று எழுதிய வரிகளின் மேல் ஒரு கோடு. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் அந்தப் பக்கத்துக்குரிய சம்சாரி நிற்கிறார், கையில் மண்ணெண்ணெய் போத்தலோடு. "என்ன அண்ணாச்சி வேணும்?" என்று பையன் கேட்கிறான்.