லாஸ் பான்யோஸ் வயலுக்கு யார் மதிப்பெண் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

"இட்லிக்கு ஐ.ஆர். இருபது ரெண்டு கிலோ போடுங்க" என்று மளிகைக் கடையில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். அந்த "ஐ.ஆர்." பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தது. மணிலாவுக்குத் தெற்கே, மக்கிலிங் மலையடிவாரத்தில், லாஸ் பான்யோஸ் என்று ஓர் ஊர். அங்கே 1960-ல் போர்டு, ராக்ஃபெல்லர் என்ற இரண்டு அமெரிக்க அறக்கட்டளைகளும் பிலிப்பைன்ஸ் அரசும் சேர்ந்து தொடங்கியதுதான் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். சுருக்கமாக இர்ரி என்பார்கள். ஐ.ஆர். 20 அங்கே 1969-ல் வெளியான ரகம்.

நான் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நிலையத்தின் ரகங்களையும் பரிந்துரைகளையும் வரப்பில் நின்று விவசாயிகளிடம் எடுத்துச் சொல்வதே பல வருடம் என் வேலையாக இருந்தது. இவ்வளவு பெரிய நிலையம் நன்றாக வேலை செய்கிறதா, ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்று யார், எதை வைத்துச் சொல்வது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்கென்று ஒரு முறை இருந்தது. இர்ரி போன்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கு நிதி கொடுக்கும் நாடுகளும் அமைப்புகளும் 1971-ல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அது பல காலம் ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஒரு குழுவை அனுப்பி வந்தது. விஞ்ஞானிகள், நிர்வாகம் தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். வயலைப் பார்ப்பார்கள், ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பார்கள், கணக்கைப் பார்ப்பார்கள், ஊழியர்களிடம் பேசுவார்கள், அறிக்கை எழுதுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருடக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்துவிடாது.

ஐ.ஆர். 8-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவின் உயரமான பீட்டா ரகத்தையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் 1962-ல் ஒட்டுச் சேர்த்தார்கள். 1966-ல் ரகமாக வெளியிட்டார்கள். உரம் போட்டாலும் சாயாத பயிர். சோதனை வயலில் ஹெக்டேருக்கு 9 டன் வரை கண்டது. அந்த வருடம் ஒரு குழு வந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருக்கும். விவசாயி போட்ட மதிப்பெண் வேறு. அரிசி மில்லில் உடைகிறது, சோறு ஆறினால் விறைத்துப் போகிறது, வைக்கோல் குட்டை. இந்த வைக்கோல் விஷயத்தை நகரத்தில் இருப்பவர்கள் சின்னதாக நினைக்கலாம். நெல்லை விற்றுக் கடனை அடைத்த பிறகு வருடம் முழுக்க மாட்டைக் காப்பாற்றுவது அந்த வைக்கோல்தான். எந்த அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் பூச்சி வந்தது. புகையான் என்ற பெயரை நெல் விவசாயி யாரும் மறக்க மாட்டார். 1980-களில் தாளடி வயல் ஒன்றில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றிலும் பச்சை. நடுவில் வட்ட வட்டமாகத் தீ வைத்தது போலக் கருகிக் கிடந்தது பயிர். தூரை விரலால் தட்டினால் பொலபொலவென்று பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்தன. மருந்து அடியுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடித்தார். பத்துப் பதினைந்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி அடித்தார். அந்த விவசாயி என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்ன மருந்துதான் சார் அடிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

ஏன் அப்படி நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புகையான் முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. வெளியில் திரியும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சித் தின்னும் நாவாய்ப்பூச்சியும் செத்துப் போகின்றன. முட்டை பொரித்து வரும்போது அதைத் தின்ன வயலில் ஆள் இல்லை. எழுபதுகளில் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் புகையான் பெருகியதற்கு இது பெரிய காரணம். அப்போதெல்லாம் புதிய ரகத்தோடு உரம், பூச்சிமருந்து எல்லாம் சேர்த்து ஒரே மூட்டையாகத்தான் பரிந்துரைத்தார்கள். இர்ரியும் அதில் பங்காளி. புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26-ஐ 1973-ல் விட்டார்கள். சில வருடங்களிலேயே அதையும் தின்னும் புகையான் கிளம்பிவிட்டது. 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. அது நீண்ட காலம் நின்றது. 1986-ல் இந்தோனேசிய அரசு, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நிலையம் பிறகு என்ன செய்தது என்பதுதான். மருந்து அடித்தால் பூச்சி ஏன் பெருகுகிறது என்ற ஆராய்ச்சியில் ஒரு பெரும் பகுதி லாஸ் பான்யோஸ் வயல்களிலேயே நடந்தது. 1993-ல் அங்கிருந்தே ஒரு நூல் வெளிவந்தது. மருந்தால் கிடைக்கும் கூடுதல் நெல்லையும், அடிக்கிறவரின் உடம்பு கெடுவதால் ஆகும் செலவையும் அது ஒரே தராசில் வைத்தது. செலவுதான் கனமாக இருந்தது. தான் கொடுத்த யோசனையைத் தானே சோதித்து, தவறு என்று அச்சில் போடுகிற நிலையத்தை நான் மதிக்கிறேன். எத்தனை ரகம், எத்தனை கட்டுரை என்ற எண்ணிக்கைக்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. அங்கே 1960-களின் தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் நெல் பயிரிடும் ஒரு சோதனை வயல் இருக்கிறது. 1968 முதல் வருடத்துக்கு மூன்று போகம். நல்ல ரகம், நல்ல உரம், நல்ல கவனிப்பு. அப்படியும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விளைச்சல் படிப்படியாக இறங்கியது. அதை மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். மண் எப்போதும் தண்ணீரிலேயே கிடந்ததால் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து குறைந்திருந்தது. போகத்துக்கு நடுவில் வயலைக் காயவிட்டு, உரம் போடும் நேரத்தையும் மாற்றியபோது விளைச்சல் மீண்டது. இதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் ஆனது. ஐந்து வருடக் குழுக்கள் எத்தனை வந்து போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

விதை வங்கியும் அப்படித்தான். இன்று 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் விதை மாதிரிகள் அங்கே குளிரில் இருக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் கம்போடியாவின் நாட்டு ரகங்களையும் சேகரித்து வைத்திருந்தார்கள். 1974-ல் ஒரு கணக்காளர் வந்திருந்தால் அவர் கண்ணுக்கு அது மின்சாரச் செலவாகத்தான் தெரிந்திருக்கும். 1975-ல் போல் பாட் ஆட்சி வந்தது. ஊர்கள் கலைக்கப்பட்டன, பஞ்சத்தில் விதைநெல்லும் போனது. எண்பதுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட கம்போடிய ரகங்கள் அந்த வங்கியிலிருந்து தாய்மண்ணுக்குத் திரும்பின.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். முதலில் பணம். எந்த வேலைக்கும் செலவு செய்யலாம் என்று கொடுக்கும் பொது நிதி ஒன்று, இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிக் கொடுக்கும் நிதி இன்னொன்று. காலப்போக்கில் இரண்டாவது வகையின் பங்கு கூடிக்கொண்டே போனது. ஒரு வீட்டில் தீபாவளித் துணிக்கு என்று ஒருவர் தருகிறார், பிள்ளை படிப்புக்கு என்று இன்னொருவர் தருகிறார். கூரை ஒழுகினால் எந்தக் காசை எடுப்பது? முப்பது வருட வயலும் விதை வங்கியும் அந்தக் கூரை மாதிரி. 2018-ல் உலகப் பயிர்ப் பன்மை அறக்கட்டளை, விதை வங்கிக்கு வருடம் 14 லட்சம் டாலர் நிரந்தரமாகத் தர ஒப்பந்தம் செய்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்தது ஊழியர்கள். 1979-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் ஆணை ஒன்று இர்ரிக்கு சர்வதேச அமைப்பு என்ற தகுதியையும், உள்நாட்டு வழக்குகள் அதைத் தொடாதபடி சட்ட விலக்கையும் கொடுத்தது. அங்கே தொழிற்சங்கம், ஊழியர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்யும் அங்கீகாரத் தேர்தல் வேண்டும் என்று கேட்டு வழக்காடியது. 1990-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சட்ட விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. உள்ளேயே ஊழியரும் நிர்வாகமும் பேசிக்கொள்ள ஒரு குழு இருப்பதையும் சுட்டிக்காட்டியது. நாட்டு அரசியல் ஆராய்ச்சியில் கை வைக்காமல் இருக்க இப்படி ஒரு பாதுகாப்பு தேவை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர் குறையென்று வெளியே போய்ச் சொல்ல ஒரு கதவு இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளிக்குழு வரும்போது முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

1982 முதல் 1988 வரை நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அதன் தலைமை இயக்குநராக இருந்தார். நெல் வயலில் பெண்கள் செய்யும் வேலையை ஆராய்ச்சித் திட்டத்துக்குள் கொண்டு வந்தது அவர் காலம். அதே காலத்தில்தான் பிலிப்பைன்ஸ் விவசாயிகளும் சில விஞ்ஞானிகளும் கூடிப் பேசி, இந்த ரகங்கள் எங்களை உரத்துக்கும் மருந்துக்கும் கடனாளி ஆக்கிவிட்டன என்று சொல்லி, மாசிபாக் என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். நாட்டு ரகங்களைத் தாங்களே சேகரித்து, தாங்களே ஒட்டுச் சேர்த்தார்கள். அது கடுமையான மதிப்பீடு. அதையும் குழு அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

பொருளாதாரக் கணக்கும் உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் மூன்றிலும் 1985 முதல் 2009 வரை இர்ரி ரகங்களால் வருடத்துக்கு 146 கோடி டாலர் பயன் என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2011-ல் சொன்னது. பெரிய தொகைதான். அது யார் வீட்டுக்குப் போனது? ஒடிசாவில் செய்த ஆய்வு அங்கேதான் பிடித்தது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா சப்-1 ரகம், இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும். சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்த ஊர்களில் அந்த விதையைக் கொடுத்து, கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். வெள்ளம் அதிகம் தேங்கும் பள்ளக்காடு தாழ்த்தப்பட்ட மக்கள் கையில் இருந்ததால் அவர்களுக்குத்தான் அதிக பயன் போனது. பயம் குறைந்ததால் அந்த விதை கிடைத்தவர்கள் பயிருக்குக் கூடுதலாகச் செலவும் செய்தார்கள்.

கடைசியாக வியட்நாம். மேகாங் ஆற்றுப் படுகையில் 1994-ல் இர்ரி விஞ்ஞானிகள் விவசாயிகளிடம் ஒன்று சொன்னார்கள். விதைத்து முதல் 40 நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம், எங்களை நம்ப வேண்டாம், ஒரு துண்டு நிலத்தில் நீங்களே செய்து பாருங்கள் என்றார்கள். அதைக் குறுநாடகமாக்கி வானொலியில் போட்டார்கள். கேட்டவர்கள் ஒரு மூலையில் பாத்தி பிரித்து, மருந்தில்லாமல் விட்டு, அறுத்து அளந்து பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை. சில வருடங்களில் மருந்து அடிக்கும் தடவை பாதிக்கும் கீழே போனது. பத்து வருடம் கழித்து, 2004-ல், அங்கே வானொலியில் ஒரு தொடர் நாடகமே ஓடியது. இந்த ஒலிவாங்கி முன்னால் உட்காரும்போது எனக்கு அந்த நாடகம் ஞாபகம் வந்தது. நான் சீட்டு எழுதிக் கொடுத்த அந்தத் தாளடி விவசாயிக்கும் அன்றைக்கு ஒரு பாத்தியைப் பிரித்து விடச் சொல்லியிருக்கலாம்.

வணக்கம்.