ராக் பாடகி பழைய பாட்டு ரேடியோவுக்குள் நுழைந்த கதை

வணக்கம் மக்களே! போன வீடியோவில் பிடில், பேஸ் என்று ஒரே கருவிப் பேச்சாகப் போய்விட்டது. இன்றைக்குக் கொஞ்சம் கதை. இடம் அமெரிக்கா, வருடம் 1983, ஆள் லிண்டா ரான்ஸ்டாட்.

முதலில் ரேடியோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் அங்கே பாட்டு கேட்கிற கூட்டம் ஏ.எம்.மை விட்டு எஃப்.எம்.முக்குப் போக ஆரம்பித்தது. ஸ்டீரியோவில், இரைச்சல் இல்லாமல் கேட்கிறது என்றால் யார்தான் போகமாட்டார்கள்? ஏ.எம். நிலையங்களுக்குப் பிழைப்பு வேண்டுமே. கொலம்பியா ரெக்கார்ட்ஸில் தயாரிப்பாளராக இருந்த அல் ஹாம், 1978-ல் 'மியூசிக் ஆஃப் யுவர் லைஃப்' என்று ஒரு தொகுப்பை ஆரம்பித்து நிலையங்களுக்குக் கொடுத்தார். சினாட்ரா, நாட் கிங் கோல், பெர்ரி கோமோ என்று ராக்குக்கு முந்தைய காலத்துப் பாடகர்கள், ட்ரம்பெட்டும் சாக்ஸும் நிறைந்த பெரிய பேண்ட் இசை. ராக் அண்ட் ரோல் கிடையாது. வயதானவர்கள் ஆசை ஆசையாகக் கேட்டார்கள்.

ஆனால் விளம்பரக்காரர்களுக்கு வேண்டியது 25-லிருந்து 54 வயது வரை உள்ளவர்கள். அதைத் தாண்டியவர்கள் சோப்பே வாங்கமாட்டார்கள் என்று நினைப்பு போல! ஆக, இந்த நிலையங்களுக்குக் கேட்க ஆள் இருந்தும் கல்லா நிறையவில்லை. புதுச் சரக்கும் இல்லை. இந்த மாதிரிப் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து பெரிய அளவில் விற்கிறவர்கள் மிகக் குறைவு.

இந்த நேரத்தில்தான் லிண்டா வருகிறார். 1970-களின் பெரிய ராக் நட்சத்திரம் அவர். ஸ்டேடியம் நிறைகிற ஆள். அவருக்கு அம்மா அப்பா காலத்துப் பாட்டுகளைப் பாட ஆசை. ரெக்கார்ட் கம்பெனியில் இருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அதற்கு முன்னாலேயே ஜெரி வெக்ஸ்லர் என்ற பெரிய தயாரிப்பாளரோடு ஒரு ஆல்பம் பதிவு செய்து பார்த்து, சரிப்பட்டு வராமல் தூக்கிப் போட்டிருந்தார். அப்படியும் விடவில்லை. தேடிப் போனது யாரை? நெல்சன் ரிடிலை.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், என் வீடியோவின் மையமே இந்த மனிதர்தான். ரிடில் ஒரு அரேஞ்சர். அரேஞ்சர் என்றால் பாட்டு எழுதுகிறவரும் இல்லை, மெட்டுப் போடுகிறவரும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், ட்ரம்பெட் எப்போது வாயை மூட வேண்டும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் புல்லாங்குழல் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறவர். நாட் கிங் கோலின் 'அன்ஃபர்கெட்டபிள்', 1951, இவர் கைவண்ணம். 1950-களில் சினாட்ராவின் சிறந்த ஆல்பங்கள் பலவும் இவருடையவை. 1980-களின் ஆரம்பத்தில் இவருக்கு வேலை குறைந்து போயிருந்தது. லிண்டா கேட்டதும் இவர், தனிப் பாட்டெல்லாம் செய்வதில்லை, செய்தால் முழு ஆல்பம்தான் என்றாராம். லிண்டாவும் சரி என்றுவிட்டார்.

'வாட்ஸ் நியூ' ஆல்பம் 1983 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. மேலே மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் நின்றிருந்தார்கள், அதற்கு மேல் எப்படிப் போவது? அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய பாட்டு நிலையங்களுக்குக் கொண்டாட்டம். சினாட்ராவுக்குப் பக்கத்தில் வைத்து ஒலிபரப்பப் புதிதாக ஒரு குரல் கிடைத்ததே.

எப்படிப் பொருந்தியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 1930-களின் கடைசியில் வந்தது. 1958-ல் சினாட்ரா பாடினார், அரேஞ்ச் செய்தது ரிடில். இருபத்தைந்து வருடம் கழித்து லிண்டா பாடினார், அரேஞ்ச் செய்தது அதே ரிடில்! ரேடியோவைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கிறவருக்கு முதலில் காதில் விழுவது குரல் இல்லை, அந்த வயலின்கள்தான். அது பழகின வீடு. உள்ளே யார் பாடினாலும் தயங்காமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் என்ன நடக்கும்? இடையிசையில் ஒரு நோட்டு மாறினால் முன்வரிசையில் முகம் சுளிப்பார்கள். நமக்குப் பாட்டு என்றால் அந்த ரெக்கார்டுதான். அங்கே இந்த மாதிரிக் காலம் கடந்து நிற்கிற பழைய பாட்டுக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர், ஸ்டாண்டர்ட் என்றாலே யார் வேண்டுமானாலும் பாடலாம், எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் பழைய பாட்டு ரேடியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் முன்வரிசைக்காரர்கள் மாதிரிதான் என்பது என் கணிப்பு. வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

லிண்டா பாடியது எல்லாம் பிரமாதமா என்றால், இல்லை. குரல் சுத்தம், சுருதி கச்சிதம். ஆனால் சினாட்ரா ஒரு சொல்லை இழுத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் போட்டு விளையாடுவாரே, அது இவரிடம் குறைவு. சோகப் பாட்டில் தப்பித்துவிடுகிறார், துள்ளலான பாட்டில் கொஞ்சம் விறைப்பு. (கமெண்டில் திட்டப் போகிறீர்கள், தெரியும்.)

அப்புறம் 2002-ல் இன்னொரு ராக் பாடகர், ராட் ஸ்டூவர்ட், இதே பாதையில் வந்தார். ஒன்று, இரண்டு என்று ஐந்து தொகுதி. 2004-ல் வந்த மூன்றாம் தொகுதி முதலிடம் போனது, அவருக்கு முதல் கிராமி விருதும் அதற்குத்தான் கிடைத்தது. அந்தக் கரகரப்புக் குரல் எனக்கு உயிர். ஆனால் பின்னணி? ஹோட்டல் லாபியில் ஓடுகிற இசை. ஐந்தையும் கலைத்துப் போட்டால் எது எந்தத் தொகுதி என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

பழகின வயலின்கள்தான் ஆளை உட்கார வைக்கும் என்று நான் சொன்னதற்கு நேர் எதிராக ஒரு ஆள் இருக்கிறார், அவரை மறைக்கக் கூடாது. வில்லி நெல்சன், 1978, 'ஸ்டார்டஸ்ட்'. கண்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமத்து வழி வந்த இசை, பாடுகிறவர். தயாரித்தவர் மெம்ஃபிஸ் நகரத்தின் சோல் (கறுப்பின மக்களின் இசை வகை) பாட்டுகளில் ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸ். பெரிய ஆர்கெஸ்ட்ரா ஆடம்பரம் இல்லை, கிட்டாரும் ஹார்மோனிகாவும் முன்னால். கண்ட்ரி பட்டியலில் பத்து வருடம் கிடந்தது அந்த ஆல்பம்! ஆக ரிடில் இல்லாமலும் முடியும். ஆனால் அதற்கு வில்லி நெல்சனாக இருக்க வேண்டும். ராட் ஸ்டூவர்ட் நடுவில் மாட்டிக்கொண்டார்.

இப்போது ஏ.எம். நிலையங்கள் பல மூடியாயிற்று. நியூயார்க்கின் புகழ்பெற்ற டபிள்யூ.என்.இ.டபிள்யூ. 1992-லேயே போய்விட்டது. அந்தப் பாட்டுகள் சாட்டிலைட் ரேடியோவில் சினாட்ரா பெயரிலேயே ஒரு சேனலில் ஓடுகின்றன, நடுவில் மைக்கேல் பூப்ளே, டயானா க்ரால் என்று இந்தக் காலத்துப் பாடகர்கள். 2014-ல் 88 வயது டோனி பென்னட், லேடி காகாவோடு சேர்ந்து பாடி முதலிடம் பிடித்ததும் இந்தப் பாட்டுகளோடுதான். அந்த ஜோடியைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன், இதில் திணித்தால் நியாயமாகாது.

ஒரு வேலை தருகிறேன். 'வாட்ஸ் நியூ' பாட்டை 1958-லும் 1983-லும் அடுத்தடுத்துப் போட்டு, ஹெட்போனில் கேளுங்கள். குரலை விடுங்கள், வயலினை மட்டும் பின்தொடருங்கள். ரிடில் எங்கே மாற்றியிருக்கிறார் என்று கமெண்டில் எழுதுங்கள், நல்ல பதில்களை அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.